சனிக்கிழமை பையன்கள் வருகிறார்கள்

புவெர்த்தோ ஒர்தேகா
மே 20, 2018, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் துவானுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் மாரிசெல்லும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் சின்னவளும் அந்தப் பாலைவனத் தூசியில் இருமலின்றி இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். சுரங்கத்துக்குப் போகும்போது மூக்குத் துணியைக் கட்டிக்கொள், சோம்பல் படாதே. அப்பாவுக்கு முட்டி வலி மழைக்கு ஏறுகிறது, வெயிலுக்கு இறங்குகிறது, இங்கே வெயில் எங்கே அடிக்கிறது. போன மாதம் போனில் நீ, "கூரை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய், நான் வழக்கம்போல "இன்னும் ஒழுகுதுப்பா" என்றேன், நீ பேச்சை மாற்றினாய். அந்தக் கூரைக்குத்தான் இந்தக் கடிதம் வந்து சேரும், ஆனால் அதற்குமுன் பன்னிரண்டு நாள் செய்தியைச் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சொல்லாத பழக்கம் என்னைவிட்டு இன்னும் போகவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், என் தவறு எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடத்தில் அதையும் எழுதுகிறேன்.

உன் தங்கை மாரிசெல் சேர்ந்திருக்கும் குழுவைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். எட்டுப் பேர், மூத்தவனுக்கு இருபத்துநான்கு வயது. அவர்களில் வில்மார் என்கிறவன் நான்கு வருடம் காட்டில் துப்பாக்கியோடு இருந்துவிட்டு சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு இறங்கி வந்தவன், இன்னொருத்தியின் அப்பாவை அதே காட்டுக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பவில்லை, இப்போது இருவரும் ஒரே டப்பாவில் தூரிகை தோய்த்துப் பள்ளிக்கூடச் சுவர்களுக்கு வண்ணம் அடிக்கிறார்கள். ஆற்றோரச் சிற்றூர்களுக்குப் படகில் போய் அங்குள்ள இளம் பிள்ளைகளோடு பந்து விளையாடி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வந்து நகராட்சியில் கொடுப்பது இவர்கள் வேலை. குழுவுக்கு வைத்திருக்கும் பெயர் சமாதானக் கட்டமைப்பில் இளையோர் பங்கேற்புக்கான மேடை. உன் அப்பா, "இந்தப் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த சண்டையே வந்துரும்" என்றார். கூடுவது நம் சமையலறையில்தான், ஏழு மாதமாக. எட்டுப் பேரும் உட்கார்ந்து வாதம் செய்துகொண்டிருப்பார்கள், நான் அடுப்படியிலிருந்து, "பசங்களா, ரொட்டி ஆறுது, வாங்க" என்று கூப்பிடுவேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

மே எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு நான் வானொலியில் வாசிக்கும் ஆற்றோரச் செய்திக்கு மாரிசெல் ஒரு தாள் கொடுத்திருந்தாள். லாஸ் கார்சாஸுக்கு முதல் தடவையாகப் போகிறார்கள். பதினோரு வீடு, ஆற்றை எதிர்த்துப் படகில் நான்கு மணி நேரம். தாளில் ஒன்றரைப் பக்கம், மேடை, கட்டமைப்பு, பங்கேற்பு எல்லாம் இருந்தது. என் விதி உனக்குத் தெரியும், முப்பத்தொரு வருடமாக ஒரு செய்திக்கு இருபது சொல்லுக்கு மேல் நான் வாசித்ததில்லை. ஆற்றின் மேல்புறத்து வானொலிப் பெட்டிகள் எல்லாம் கரகரப்பவை, சிறிதாக இருந்தால்தான் இரண்டு தடவை வாசிக்கலாம், இரண்டு தடவை வாசித்தால்தான் ஒரு தடவையாவது போய்ச் சேரும். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பென்சிலால் அடித்தேன். மேடையை அடித்தேன், கட்டமைப்பை அடித்தேன், யாருக்கும் புரியாததை எல்லாம் அடித்தேன். மிஞ்சியதை இப்படி வாசித்தேன்: "லாஸ் கார்சாஸ் மக்களுக்கு. சனிக்கிழமை பையன்கள் வருகிறார்கள். வீட்டுக்கு ஒரு இளம் பிள்ளை காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். தாமதம் கூடாது." பதினெட்டுச் சொல். செவ்வாய் இரண்டு தடவை, புதன் இரண்டு தடவை. சுத்தமாக நறுக்கியிருக்கிறோம் என்று எனக்கே ஒரு திருப்தி.

துவான், இதைப் படிக்கும்போது உனக்கு முதுகு சில்லிட்டிருக்கும். எனக்குச் சில்லிடவில்லை, அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. ஆற்றின் மேல்புறத்தில் காட்டுக்காரர்களை யாரும் அவர்கள் இயக்கத்தின் பெயரால் சொன்னதில்லை, பையன்கள் என்றுதான் சொன்னார்கள், சொல்வதற்குமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். வீட்டுக்கு ஒருவர் என்பதும் அவர்கள் படைக்குப் பிள்ளை கேட்கும் கணக்கு. இரண்டாயிரத்து மூன்றில் சந்தையில் முட்டை விற்கும் அம்மாள் என் காதில் சொன்னதும் இதேதான், "பசங்க வர்றாங்களாம், வீட்டுக்கு ஒண்ணு." அப்போது உனக்குப் பதினைந்து வயது. நடுப்பகலில் சீஸ் லாரியில் கட்டிகளுக்கு நடுவே உன்னை உட்கார வைத்து ஈரச் சாக்கால் மூடினேன், இன்றுவரை நீ சீஸ் தொடுவதில்லை என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். லாரி கிளம்புமுன் நாம் ஒரு வாக்கியம் வைத்துக்கொண்டோம். யாராவது என் கையைப் பிடித்து எழுத வைத்தாலும் நீ ஏமாறாமல் இருக்க. 'கூரை ஒழுகல் நின்றுவிட்டது' என்று நான் எழுதினால்தான் நீ வீட்டுக்கு வரலாம். பதினைந்து வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் ஒழுகுகிறது என்றே எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் அந்தச் சொல்லை மைக்கில் வாசித்தேன். மாரிசெல்லைக் குறை சொல்ல முடியாது, நீ போனபோது அவளுக்கு ஏழு வயது, அவளுக்கு அது வெறும் சொல். எனக்கும் ஏழு மாதத்தில் அடுப்படியில் அந்தச் சொல் ஆறிப்போயிருந்தது, பையன்கள் என்றால் ரொட்டி தின்ன வரும் பிள்ளைகள் என்று ஆகியிருந்தது. லாஸ் கார்சாஸில் அது ஆறவில்லை.

சனிக்கிழமை எட்டுப் பேரும் வண்ண டப்பா, பந்து, கிதார் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாரிசெல் திரும்பி வந்து சொன்னதை எழுதுகிறேன். படகுத்துறையில் ஆள் இல்லை, வீடுகளில் ஆள் இல்லை. கொடியில் துணி, அடுப்பில் சூடு ஆறாத பானை, ஒரு நாய். பள்ளிக்கூடப் படியில் கால் கட்டிய பதினோரு கோழிகள் வரிசையாகக் கிடந்தன. வில்மார் படகில் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்ற ஏழு மடையர்களும் ஊரார் விருந்துக்கு வைத்திருக்கிறார்கள், தோட்டத்துக்குப் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று முடிவு செய்தார்கள். பதினொன்றுவரை காத்திருந்து பசி தாங்காமல் ஒரு கருங்கோழியை அடித்து, மரவள்ளியும் வாழைக்காயும் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வில்மார் மேலே ஏறி வந்தான். பானையைப் பார்த்தான், மிச்சக் கோழிகளை விரலால் எண்ணினான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இத யாருடா தொட்டது? இது விருந்தில்ல. புள்ளைக்குப் பதிலா கோழி வச்சிருக்காங்க. வீட்டுக்கு ஒண்ணு, எண்ணிப் பாருங்க. ரேடியோல என்ன சொல்லித் தொலச்சீங்க?" என்று கேட்டான். காலை ஐந்தரைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒருவரும் விழித்திருப்பதில்லை, என்ன வாசிக்கப்பட்டது என்று எவருக்கும் தெரியாது. பத்துக் கோழிகளின் கட்டையும் அவிழ்த்துவிட்டு, கரும்பலகையில் எட்டுப் பெயரையும் மன்னியுங்கள் என்பதையும் எழுதிவிட்டுத் திரும்பினார்கள். ஊரார் மரங்களுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. கோழியைத் தின்றதையும் பார்த்தார்கள்.

அன்று மாலை நம் சமையலறையில் மற்றவர்கள் மாரிசெல்லைப் பிடித்துக்கொண்டார்கள். "நோட்டீஸ் எழுதுனது நீதான?" என்றான் ஒருவன். அவள், "ஆமா, நான்தான்" என்றாள். நறுக்கியது அம்மா என்று சொல்லவில்லை. அவளுக்கு அதற்குள் தெரியும், வந்த உடனே வானொலி நிலையத்துக்குப் போய்த் தாளைப் பார்த்திருக்கிறாள். நான் மூன்றடி தள்ளி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா என்னையே பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு திருத்தம் வாசிக்க நான் ஒரு நாள் தள்ளிப் போட்டதில்லை, இதை ஞாயிறு முழுவதும் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் லாஸ் கார்சாஸின் கோவேறு கழுதைக்காரர் எபாரிஸ்தோ வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார். "எதெல்மிரா அம்மா, ஒரு பொண்ணக் காணல" என்றார். எர்சிலியா என்கிற பெண்ணின் மகள் யுர்லேனி, பதினைந்து வயது. எர்சிலியாவின் மூத்த மகனை இரண்டாயிரத்து ஒன்பதில் பையன்கள் கொண்டுபோனார்கள், அவனுக்குப் பதினாலு, இன்னும் வரவில்லை. செய்தி கேட்ட புதன்கிழமை விடிந்ததும் மகளை எபாரிஸ்தோவோடு மலைக்கு அந்தப் பக்கம் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். பாதி வழியில் பாதை பிரியும் இடத்தில் அந்தப் பெண் கழுதையிலிருந்து இறங்கி, "இனிமே நானே போய்க்கறேன், நீங்க திரும்புங்க தாத்தா" என்று சொல்லிவிட்டாள். சித்தி வீட்டிலிருந்து ஞாயிறு காலை ஆள் வந்தது, அவள் அங்கே போகவே இல்லை. நான்கு நாள், காட்டில், மழையில்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு என் பெயரைச் சொல்லித் திருத்தம் வாசித்தேன். அழைத்தது நான், தவறு என்னுடையது, வந்தவர்கள் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கும் நகரத்துப் பிள்ளைகள் என்று. வாசித்துவிட்டு மாரிசெல்லையும் வில்மாரையும் கூட்டிக்கொண்டு பால் படகில் ஏறினேன். ஆறு வீட்டுக்காரர்கள் திரும்பியிருந்தார்கள், பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். தாளை வைத்து, எதை அடித்தேன், எதை விட்டேன் என்று காட்டினேன். எர்சிலியா கடைசிப் பெஞ்சில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நாற்பது வயதிருக்கும், குரல் உயரவே இல்லை. தேட ஆள் அனுப்பலாமா என்று மாரிசெல் கேட்டாள். அதற்கு அவள், "தேடி என்ன பண்ணுவே? நான் அப்படி வளர்த்திருக்கேன். கூப்பிட்டா வராதே. பேர் சொல்லிக் கூப்பிட்டா இன்னும் உள்ள போ. யாருக்காவது தெரிஞ்ச எடத்துக்குப் போகவே போகாதே. கழுதைக்காரருக்குத் தெரிஞ்ச எடம்னு சித்தி வீட்டையே விட்டுட்டா பாரு. எவ்வளவு நல்லாப் படிச்சிருக்கா" என்றாள். அதில் பெருமையும் இருந்தது, அதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தப் பெண் கையில் ஒரு சின்ன வானொலி கொண்டுபோயிருக்கிறாள் என்று எபாரிஸ்தோ சொன்னார். உடனே எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் ஐந்தரை மணிக்கு நான் வாசித்த செய்திகளில் பாதி, பசு சினையானதும் பாட்டி பல் பிடுங்கியதும், யாரோ ஒரு தாய் யாரோ ஒரு பிள்ளைக்கு அனுப்பிய அடையாள வாக்கியம்தானே. உங்களுக்குள் ஒரு வாக்கியம் இருக்கும், அதைக் கொடுங்கள், நான் வாசிக்கிறேன் என்றேன். எர்சிலியா தலையை அசைத்து மறுத்தாள். "ஒரு தடவதான் சொல்ல முடியும் அம்மா. சொல்லிட்டா ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இன்னிக்குச் செலவழிச்சுட்டு, நாளைக்கு நெசமாவே அவங்க வந்தாங்கன்னா, அப்ப எதச் சொல்லிக் கூப்பிடுவேன்? சண்ட முடிஞ்சிருச்சுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

எழுதிக் கொடுக்க என்னால் முடியாது என்று அவளுக்கும் தெரியும். அப்போது நான் ஒன்று செய்தேன், உன்னைக் கேட்காமல். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், அவனுக்கும் எனக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது, பதினைந்து வருடமாக அதை எழுதவில்லை என்று சொல்லி, அந்த வாக்கியத்தை ஆறு வீட்டார் முன்னால் உரக்கச் சொல்லிவிட்டேன். கூரை ஒழுகல் நின்றுவிட்டது. மாரிசெல் திரும்பி என்னைப் பார்த்தாள், கூரையைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு எழுதிக்கொள்கிறோம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. எர்சிலியா மட்டும் அசையவில்லை. "உங்க புள்ள எங்க இருக்கான்?" என்றாள். சொன்னேன். "மூணு எல்லை தாண்டி உக்காந்திருக்கான். உங்க சொல்ல நீங்க தாராளமாச் செலவழிக்கலாம். என்னுது காட்டுல இருக்கு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நிலையத்துக்கு ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, மழை பெய்து தெருவெல்லாம் சேறாக இருந்தது, அவன் பூட்ஸில் ஒரு துளி சேறு இல்லை. மரியாதையாக உட்கார்ந்தான், காப்பி வேண்டாம் என்றான். "சனிக்கிழமை பசங்க வர்றதா வாசிச்சீங்களாமே. எங்களுக்கே தெரியாம எங்க பேர்ல யாரு வர்றான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான். எல்லோரும் காட்டிலிருந்து இறங்கி வரவில்லை என்பது நமக்குத் தெரியும், ஆனால் தெரிவது வேறு, எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வேறு. சொல் என்னுடைய பிழை, திருத்தம் வாசித்தாகிவிட்டது என்றேன். தலையை ஆட்டினான். எழுந்து கதவுவரை போய்த் திரும்பி, "அந்தப் பொண்ணு கெடச்சாளா?" என்றான். இல்லை என்றேன். "தனியாச் சுத்தறது நல்லதில்ல. எங்க ஆளுங்க கண்ல பட்டா பத்திரமாக் கூட்டிட்டு வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பத்திரமாக என்று சொன்னான். அன்று சரக்கு வாங்க நம் ஊருக்கு வந்திருந்த எபாரிஸ்தோவைத் தேடிப் பிடித்து, வந்தவன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எர்சிலியாவிடம் சொல்லச் சொல்லிப் படகேற்றினேன்.

செவ்வாய் மாலையே எர்சிலியா நம் வீட்டு வாசலில் நின்றாள், இடுப்புவரை நனைந்து. அப்பா வெல்லத் தண்ணீர் சுட வைத்துக் கொடுத்தார். "நானே வாசிக்கறேன். உங்க குரல கேட்டுத்தான் அவ ஓடுனா, அதே குரலுக்கு வரமாட்டா" என்றாள். புதன்கிழமை காலை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தேன். என்ன வாசிக்கப் போகிறாள் என்று முதலில் கேட்டேன், அது என் பழக்கம். "கருங்கோழி குஞ்சு பொரிச்சிருச்சு" என்றாள். சொல்லிவிட்டு, "அந்தக் கோழியத்தான் உங்க பசங்க தின்னுட்டாங்களே, அது எங்கேர்ந்து பொரிக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள், அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, சிரிப்பு நிற்குமுன்பே முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். ஒரு தடவை போதும் என்றாள், இரண்டு தடவை வாசித்தால்தான் ஒரு தடவையாவது சேரும் என்றேன். இரண்டு தடவை வாசித்தாள். எட்டுச் சொல்கூட இல்லை. அன்று யாரும் வரவில்லை. வியாழக்கிழமை மறுபடி வாசித்தாள், யாரும் வரவில்லை. தெருமுனையில் கோக்கோ மூட்டைக் கடை ஓரம் அந்தச் சுத்தமான பூட்ஸ்காரன் இருந்ததாக மாரிசெல் சொன்னாள், அவன்தானா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் நானும் உறுதியாக எழுதவில்லை. வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை. வில்மாரும் மற்றவர்களும் ஆளுக்கு ஒரு படகுத்துறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள், யாரையும் கூப்பிடக்கூடாது, பெயர் சொல்லக்கூடாது, சும்மா தூண்டில் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று எர்சிலியா சொல்லியிருந்தாள். மூன்று நாளில் அவள் நம் வீட்டில் மொத்தம் இரண்டு ரொட்டி தின்றிருப்பாள். வெள்ளி மதியம் ஊற்றிய மழையில் உன் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நேற்று சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு யுர்லேனி பால் படகில் பால் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்து இறங்கினாள். உடம்பெல்லாம் கொசுக்கடி, காலில் ஒரு வெட்டு, வேறு ஒன்றும் இல்லை. பத்து நாளும் போதைச் சரக்குக்காகக் கோக்கா இலை காய்ச்சிய ஒரு பழைய கொட்டகையில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், மரவள்ளிக் குருணையும் வெல்லமும் தின்றுகொண்டு இருந்திருக்கிறாள். பேட்டரி தீராமல் இருக்கப் பகலில் அதை வெயில் படும் கல்லில் வைத்து, காலை ஐந்தரைக்கு மட்டும் பத்து நிமிடம் வானொலி போட்டிருக்கிறாள். புதன்கிழமையே கேட்டுவிட்டாள், ஆனால் மூன்று நாள் வந்தால்தான் நம்ப வேண்டும், துப்பாக்கி முனையில் ஒருத்தியை ஒரு நாள் வாசிக்க வைக்கலாம், மூன்று நாள் வைக்க மாட்டார்கள் என்பது அம்மா சொல்லிக் கொடுத்த பாடம். இதை ஏன் எங்களிடம் முன்பே சொல்லவில்லை, மூன்று நாள் செத்துப் பிழைத்தோமே என்று எர்சிலியாவைக் கேட்டேன். "எல்லாத்தையும் குடுத்துருவாங்களா? ஒண்ணயாவது கைல வச்சுக்கணும்ல" என்றாள். மகளைக் கட்டிப்பிடித்து அழவில்லை, தலையில் இருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள், இலை தீர்ந்த பிறகும். யுர்லேனி நம் சமையலறையில் குழுவினர் எட்டுப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "இவங்கதானா அந்தப் பசங்க? இந்த ஒல்லிப்பிச்சானுங்களுக்குப் பயந்தா நான் பத்து நாள் குருணை தின்னேன்? என் கோழியத் தின்னது இதுல யாரு?" என்றாள். ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வில்மார் கையைத் தூக்கி, "நான் திங்கல" என்றான், "நீ வந்து பார்த்தவன்தான, காட்டுலேர்ந்து பார்த்தவங்க சொன்னாங்க, படகுல வர்றப்பவே கேட்டுட்டேன்" என்றாள் அவள்.

மேசைமேல் மாரிசெல் அடுத்த அறிவிப்பை எழுதி வைத்திருந்தாள். லாஸ் கார்சாஸ் ஆற்றங்கரையை எல்லோருமாகச் சுத்தம் செய்யும் நாள், ஒத்துழைப்பு தேவை, கூடவே மாடுகளுக்குத் தடுப்பூசி. அந்தப் பெண் ரொட்டியை மென்றுகொண்டே அதைப் படித்தாள், மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "இத வாசிச்சிருந்தீங்கன்னா இந்தத் தடவ மலைக்கு அந்தப் பக்கத்து ஊரும் காலியாயிருக்கும்" என்றாள். காட்டுக்காரர் பேச்சில் சுத்தம் என்றால் பட்டியல் போட்டு வந்து ஆட்களைக் கொல்வது, ஒத்துழைப்பு என்றால் அவர்களுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது, தடுப்பூசி என்றால் கொடுக்காதவனிடம் பிடுங்குவது, இதெல்லாம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், இந்த எட்டுப் பேரில் ஏழு பேருக்குத் தெரியாது. பென்சிலை வாங்கி அந்தப் பெண் ஒரு தாளில் வரிசையாக எழுதினாள், ஆற்றின் மேல்புறத்தில் சொல்லக்கூடாத சொற்கள். முதலாவது பையன்கள். பதினொன்று எழுதிவிட்டு நிறுத்தினாள். வில்மார் பென்சிலை வாங்கி, யாரும் கேட்காமல், அதன்கீழ் இன்னும் இரண்டு எழுதினான், எழுதிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நெடுநேரம் நின்றான். அந்தத் தாள் இப்போது மைக்குக்கு மேலே ஒட்டியிருக்கிறது. குழுவில் சேர்கிறாயா என்று மாரிசெல் அவளைக் கேட்டாள். "உங்க மேடையில எல்லாம் ஏற மாட்டேன். ஆனா வாசிக்கறதுக்கு முந்தி தாள் என் கைக்கு வரணும். உங்கம்மா அடிச்சு முடிச்சப்புறம் நான் பார்க்கணும்" என்றாள். சரி என்றேன். முப்பத்தொரு வருடத்தில் என் தாளை இன்னொருவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

இனி உன் விஷயம். நம் வாக்கியத்தை நான் செலவழித்துவிட்டேன், துவான். அது இப்போது ஆறு வீட்டாருக்குத் தெரியும், ஆறு வீட்டாருக்குத் தெரிந்தது ஆற்றுக்கே தெரியும். இனிமேல் என் கையெழுத்தில் கூரை ஒழுகல் நின்றுவிட்டது என்று ஒரு கடிதம் வந்தால் நீ அதை நம்பக்கூடாது. வேறு வாக்கியம் வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், எனக்கு எதுவும் தோன்றவில்லை, தோன்றவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நேற்று மாலை எர்சிலியாவும் மகளும் ஊர் திரும்பப் படகேறினார்கள், அப்பா இரண்டு கருங்கோழி வாங்கிக் கூடையில் கொடுத்தார். கயிற்றை அவிழ்க்கும்போது எர்சிலியா என்னைப் பார்த்து, "நான் எம் புள்ளயக் கூப்பிட்டுட்டேன். நீங்க?" என்றாள். படகு கிளம்பிவிட்டது, நான் பதில் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், எனக்குத் தெரிந்ததை மட்டும். ஒப்பந்தம் ஒன்றரை வருடமாக நிற்கிறது. இந்த ஒன்றரை வருடத்தில் நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் என்று யாரும் வந்து கேட்கவில்லை. சேறு படாத பூட்ஸ்காரன் ஒருவன் வந்தான், இந்த நிமிடம்வரை மறுபடி நிலையத்துக்கு வரவில்லை, வரமாட்டான் என்று என்னால் எழுத முடியாது. நிஜக் கூரையில் உன் அப்பா போன மாதம் அந்த முட்டியோடு ஏறி மூன்று தகரம் மாற்றினார். ஒரு இடத்தில் இன்னும் சொட்டுகிறது, உன் பழைய கட்டிலுக்கு நேர்மேலே. கட்டிலை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் பானை வைத்திருக்கிறேன்.

வா. டிசம்பரில் வராதே, அப்போது மழை கிடையாது, அப்போது எந்தக் கூரையும் ஒழுகாது. மழைக் காலத்தில் வா, எங்கே எவ்வளவு சொட்டுகிறது என்று உன் கண்ணால் பார், அதற்குப் பிறகு இருப்பதா போவதா என்பது உன் இஷ்டம், நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். கார்மென் மாதா உன்னையும் உன் வீட்டாரையும் சுரங்கத்தின் உள்ளேயும் வெளியேயும் காக்கட்டும், அப்பாவின் ஆசியும் இதில் இருக்கிறது, மாரிசெல்லின் முத்தமும். சின்னவளுக்கு மழைக்கோட்டு வாங்க மறந்துவிடாதே, அவள் மழையே பார்த்ததில்லை என்றாய். அந்த ஊரில் கிடைக்காவிட்டால் அளவை எழுது, நான் இங்கே வாங்கி வைக்கிறேன்.

உன்னைக் கூப்பிடும் அம்மா,
எதெல்மிரா